முத்திரை கண்டு திறத்தல்

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, அதன் வாயைக் கயிற்றால் கட்டி, கட்டின்மேல் முத்திரை பொறித்து வைப்பது பழந்தமிழர் வழக்கம். குடத்தைத் திறக்க வரும் அலுவலர் முதலில் ஓலையைத் தேடுவதில்லை. முத்திரை சிதையாமல் இருக்கிறதா என்று பார்ப்பர். அதன் பின்னரே கட்டைப் பிரிப்பர். மதுரை மருதனிளநாகனார் அகநானூற்றின் 77ஆம் பாடலில் இக்காட்சியை உவமையாக ஆள்கிறார். குடவோலை முறையைப் பற்றிய பழைய குறிப்பாக அறிஞர் இதனைக் கொள்வர். போரில் வீழ்ந்த வீரரின் குடலை எருவைப் பறவை வெளியே இழுப்பதற்கே இந்த அலுவலரின் செயல் உவமையாக வருகிறது. அத்தகைய கொடிய காட்சியை விளக்க அலுவலகப் பணி ஒன்றைப் புலவர் தேடி எடுத்தார் என்றால், முத்திரை பார்த்துக் குடம் திறக்கும் நிகழ்ச்சி கேட்போர் அனைவரும் கண்டறிந்த ஒன்றாகவே இருந்திருத்தல் வேண்டும்.

இன்று அந்த முத்திரை இணையதளத்தின் முகவரிக்கு வந்திருக்கிறது. அதைப் பார்ப்பவர்தாம் குறைவு.

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலை நேரத்தை எண்ணிப் பார்க்கலாம். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஒரு மாணவி கைப்பேசியில் தன் பதிவெண்ணையும் பிறந்த நாளையும் உள்ளிடுகிறாள். சில நாள்கள் கழித்து அதே கைப்பேசியில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் ஏற்றுகிறாள். தந்தையின் வங்கிக் கணக்கிலிருந்து கட்டணம் செலுத்துகிறாள். அவள் தரும் விவரம் கைப்பேசிக் கோபுரத்தையும் இணையச் சேவை நிறுவனத்தின் கருவிகளையும் இன்னும் பல கைகளையும் கடந்து எங்கோ உள்ள சேவையகத்தை அடைகிறது. வழியில் அதனைப் படிக்கவோ மாற்றவோ எவராலும் இயலாது என்பதற்கு என்ன உறுதி? மறுமுனையில் இருப்பது உண்மையாகவே அவள் நாடிய தளந்தான் என்பதற்கு யார் பொறுப்பு? இவ்விரு வினாக்களுக்கும் விடையாக அமைவதே இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ். முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி. என்பதுடன் ‘எஸ்’ என்னும் எழுத்து சேர்ந்திருப்பது அச்சான்றிதழின் அடையாளம்.

பெயர் கீறிய பானையும் பிறர் தரும் சான்றும்

மதுரைக்கு அருகில் கீழடியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பானை ஓடுகள் சிலவற்றில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. தன் பானையில் தன் பெயரைத் தானே கீறிக்கொள்வது வீட்டுக்குப் போதும், ஊருக்குப் போதாது. வேறொருவரும் அதே பெயரை வேறொரு பானையில் கீற முடியும். இணையதளம் வைத்திருப்பவர் தமக்குத் தாமே ஒரு சான்றிதழ் எழுதிக்கொள்வதும் இத்தகையதே. கணினி அதை ஏற்கும். ஆனால் உலாவி அதைக் கண்டதும் எச்சரிக்கும். மூன்றாமவர் ஒருவர் சான்றுரைத்தால்தான் உலாவி நம்பும்.

அந்த மூன்றாமவரே சான்றளிக்கும் அமைப்பு. கைப்பேசியும் கணினியும் விற்பனைக்கு வரும்போதே, நம்பத்தக்க அமைப்புகளின் மூலச் சான்றிதழ்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை அவற்றினுள் பதிந்து வருகின்றன. அந்தப் பட்டியலில் உள்ள அமைப்பு ஒன்று, நேராகவோ தன்கீழ் உள்ள இடைநிலைச் சான்றிதழ் வழியாகவோ, ஒரு தளத்திற்கு ஒப்பமிட்டிருந்தால் உலாவி வழிவிடும்.

சான்றிதழ் பெறும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. முதலில் தளத்தின் சேவையகத்திலேயே ஒன்றோடொன்று இணைந்த இரு திறவுகோல்கள் உருவாக்கப்படும். ஒன்று தனித் திறவுகோல். அது சேவையகத்தை விட்டு வெளியேறவே கூடாது. மற்றொன்று பொதுத் திறவுகோல். அதை உலகறியக் கொடுக்கலாம். தனித் திறவுகோலைக் கொண்டு இடப்பட்ட கையொப்பத்தைப் பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். ஆனால் அக்கையொப்பத்தைப் போலியாக இட இயலாது. டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் 1976இல் வெளியிட்ட கருத்தின் வழி வளர்ந்த கணித உத்தி இது. பொதுத் திறவுகோலும் தளத்தின் பெயரும் அடங்கிய விண்ணப்பம் சான்றளிக்கும் அமைப்புக்குச் செல்கிறது. அவ்வமைப்பு ஒரு சொற்கோவையை அனுப்பி, அதனைத் தளத்தின் குறிப்பிட்ட இடத்திலோ பெயர்ப் பதிவேட்டிலோ வைக்கச் சொல்கிறது. வைத்தால், அந்தத் தளம் விண்ணப்பித்தவரின் ஆளுகையில் உள்ளது என்பது தெளிவாகிறது. சான்றிதழ் வந்துவிடும்.

கிராம நிர்வாக அலுவலர் இருப்பிடச் சான்று தருவதோடு இதனை ஒப்பிடலாம். இன்னார் இந்தக் கதவிலக்கத்தில் குடியிருக்கிறார் என்று அவர் எழுதித் தருகிறார். குடியிருப்பவர் நல்லவரா, கடனைத் திருப்பித் தருவாரா என்பதை அச்சான்று சொல்வதில்லை. நிறுவனத்தின் பதிவு ஆவணங்களையும் ஆராய்ந்து தரப்படும் உயர்நிலைச் சான்றிதழ்களும் உண்டு. பொதுவான பள்ளிக்கோ சிறு கடைக்கோ அவை வேண்டுவதில்லை.

வந்த சான்றிதழை நிறுவும்போது பலர் ஒரு பிழை செய்கின்றனர். தளத்தின் சான்றிதழை மட்டும் சேவையகத்தில் வைத்துவிட்டு, அதனை மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை விட்டுவிடுகின்றனர். நிறுவியவரின் கணினியில் தளம் நன்றாகத் திறக்கும். வேறு சிலரின் கைப்பேசியில் எச்சரிக்கை எழும். “எங்களுக்குச் சரியாக வருகிறதே” என்ற விடையோடு முறையீடு முடிந்துவிடும். பழைய எச்.டி.டி.பி. முகவரிக்கு வருபவரைப் பாதுகாப்பான முகவரிக்குத் தானாகவே திருப்பிவிட மறப்பதும் இவ்வாறே. முன்வாசலுக்குப் பூட்டு வாங்கிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போன்றது அது.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. சிற்றூர்ப் பள்ளிகளும் சங்கங்களும் தயங்கியதில் வியப்பில்லை. மொசில்லா நிறுவனம், மின்னணு எல்லை அறக்கட்டளை, மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தோர் முயற்சியால் உருவான ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் அமைப்பு 2015இல் தன் முதல் சான்றிதழை வழங்கியது. அது இலாப நோக்கற்றது, கட்டணம் வாங்காதது. 2020 பிப்ரவரியில் அது வழங்கிய சான்றிதழ்களின் எண்ணிக்கை நூறு கோடியை எட்டியது. 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, சான்றிதழ் இல்லாத தளங்கள் அனைத்தையும் ‘பாதுகாப்பற்றது’ என்று குறிக்கத் தொடங்கியது. பணமில்லை என்னும் காரணம் அத்துடன் போயிற்று.

காலாவதியான முத்திரை

பணத்தட்டுப்பாடு நீங்கிய பின்னும் குறை நீங்கவில்லை. சான்றிதழுக்குக் காலவரை உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கம் முதல் பொதுவாக 90 நாள்களுக்குச் சான்றிதழ் வழங்கி வந்துள்ளது. திறவுகோல் களவு போனாலும் தீங்கு நெடுநாள் நீளாதிருக்கவே இந்தக் குறுகிய காலம். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் உலாவி முழுத்திரை எச்சரிக்கையைக் காட்டும்.

புதுப்பிப்பு ஏன் தவறுகிறது? தளத்தை அமைத்துக் கொடுத்தவர் ஒப்பந்தம் முடிந்து சென்றுவிடுகிறார். சான்றிதழ் குறித்த அறிவிப்புகள் அவருடைய சொந்த மின்னஞ்சலுக்குப் போகின்றன. அடுத்து வந்தவருக்குக் கடவுச்சொல் தெரியாது. தலைமைக்கோ சான்றிதழ் என ஒன்று இருப்பதே தெரியாது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்போ, காலக்கெடுவை நினைவூட்டும் மின்னஞ்சல்களை 2025 ஜூனுடன் நிறுத்திக்கொண்டது. ஆகவே தளம் ஒருநாள் திடீரென மிரட்டும் திரையாகிறது. தொலைபேசியில் கேட்பவருக்கு அலுவலகத்திலிருந்து வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: “அது ஒன்றும் இல்லை; கீழே ‘மேம்பட்டவை’ என்று இருக்கும், அதை அழுத்தி உள்ளே போங்கள்.”

இந்த ஒரு சொற்றொடர் செய்யும் கேடு, காலாவதியான சான்றிதழ் செய்யும் கேட்டைவிடப் பெரிது. நேற்று வரை செல்லுபடியான சான்றிதழ் இன்று காலாவதியானதால் மட்டும் திருடன் உள்ளே நுழைந்துவிட்டான் என்று பொருளில்லை. குறியாக்கம் அப்போதும் நடக்கும். ஆனால் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்லும் பழக்கத்தை அந்த அலுவலகம் மக்களுக்குக் கற்றுத் தருகிறது. காலாவதியால் எழும் எச்சரிக்கையும் போலித்தளத்தால் எழும் எச்சரிக்கையும் ஏறத்தாழ ஒரே தோற்றம் கொண்டவை. கல்லூரி அலுவலகம் சொன்னபடி ஒருமுறை அழுத்திச் சென்ற மாணவி, மறுமாதம் வங்கியின் பெயரில் வந்த போலியான பக்கத்திலும் அவ்வாறே அழுத்திச் செல்வாள். அவளைக் குறை சொல்வதற்கு இல்லை. அவளுக்குப் பாடம் நடத்தியது நிறுவனம். இணையத்தோடு நெடுநாள் பழகியவர் எப்படியோ தப்பித்துக்கொள்வார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர், முதியோர் ஓய்வூதியத்திற்காகப் பேரனின் கைப்பேசியை நம்பியிருப்பவர் ஆகியோரே ஏமாறுவர். எனவே சான்றிதழைக் காலாவதியாக விடுவது தொழில்நுட்பப் பிரிவின் சிறு மறதி என்று தள்ளத்தக்கதன்று. அது பொதுக்கடமையில் நேரும் தவறு.

“எங்கள் தளத்தில் அறிவிப்புகள் மட்டுமே உள்ளன, ஒளிக்க வேண்டியது ஒன்றுமில்லை, பிறகு எதற்குப் பூட்டு?” என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆனால் குறியாக்கம் மறைப்பதற்கு மட்டும் உரியதன்று. மாறாமல் காப்பதற்கும் உரியது. சான்றிதழ் இல்லாத பக்கத்தை வழியில் உள்ள எவரும் திருத்தி அனுப்ப இயலும். ஊரார்க்கு வெளிப்படையான அறிவிப்பில் கட்டணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணின் இலக்கங்கள் மாறிவிட்டால் என்ன ஆகும்? குடவோலையில் எழுதப்பட்ட பெயர்களும் மறைபொருள் அல்ல. ஓலை மாறிவிடக் கூடாது என்பதற்கே முத்திரை.

முத்திரை சொல்லாதது

இதற்கு மறுபக்கமும் உண்டு. பூட்டுச் சின்னம் தெரிந்தால் அந்தத் தளம் நம்பத்தக்கது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் பல ஆண்டுகள் அவ்வாறே சொல்லித் தந்தனர். அது முழு உண்மையன்று. ஏமாற்றுபவரும் ஒரு தளப்பெயரை வாங்கலாம். அப்பெயருக்கு முறைப்படி சான்றிதழும் பெறலாம். அவருடன் நடக்கும் உரையாடல் பிறர் செவியில் விழாது. ஆனால் அவர் திருடர்தாம். பூட்டுச் சின்னத்தின் பொருளைச் சரியாக அறிந்தவர் 11 விழுக்காட்டினர் மட்டுமே என்று கூகுள் நிறுவனம் தன் 2021ஆம் ஆண்டு ஆய்வில் கண்டது. எனவே 2023 செப்டம்பரில் குரோம் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது.

மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலை இம்மண்ணின் கைவேலை என்பதற்கு அக்குறியீடு சான்று. அதை விற்கும் இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழோ, வாங்குபவர் அந்தத் தளத்தோடுதான் பேசுகிறார் என்பதற்கு மட்டுமே சான்று. புள்ளிகள் கையால் முடிச்சிட்டு எழுந்தனவா, அச்சில் ஓட்டியனவா என்று அதனைக் கேட்டுப் பயனில்லை. ஒவ்வொரு சான்றும் தனக்கு உரிய ஒரு கேள்விக்கே விடை சொல்லும்.

ஆகவே பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்பது இன்றியமையாதது. அரசுத் தளங்கள் ‘ஜிஓவி.இன்’ என்று முடிவது போல, வங்கிகளின் தளங்கள் ‘பேங்க்.இன்’ என்று முடிய வேண்டுமென இந்திய ரிசர்வ் வங்கி 2025இல் பணித்தது. அந்த ஈற்றுப் பெயரை வங்கி அல்லாத எவரும் வாங்க முடியாது. பூட்டு சொல்லாததைப் பெயர் சொல்லும்படி செய்யும் நல்ல ஏற்பாடு இது.

சான்று சொல்பவர் தவறினால்

மதுரையைப் பற்றி அறிந்தவர் எவரும் சிலம்பின் வழக்கை மறந்திருக்க முடியாது. பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லைச் சான்றாகக் கொண்டான், அச்சான்றைச் சோதிக்கவில்லை. சிலம்பை உடைத்து உள்ளிருந்த பரலைக் காட்டும் வேலை கண்ணகிக்கு வந்தது. அதற்குள் கோவலன் உயிர் போய்விட்டது. சான்றளிப்பவரையே சோதிக்கும் வழி வேண்டும் என்பதை இணைய உலகமும் இழப்புக்குப் பின்னரே கற்றது.

2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்னும் சான்றளிப்பு நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியோர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினர். அவற்றுள் ஒன்று கூகுளின் பெயரில் இருந்தது. ஈரான் நாட்டினர் பலரின் மின்னஞ்சல் தொடர்பை ஒற்றறிய அது பயன்பட்டது. உலாவிகள் அந்நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கின. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் நொடித்துப் போயிற்று.

இந்தியாவும் இதற்கு விலக்காகவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இங்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கு ஒரு கட்டுப்பாட்டு அலுவலரை நியமிக்க வழிசெய்தது. அவருடைய ஆளுகையின்கீழ்ச் சான்றளித்து வந்தது தேசியத் தகவலியல் மையம். 2014 ஜூலையில் அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் வழியாகக் கூகுள் தளங்களின் பெயரில் உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருப்பதைக் கூகுள் கண்டறிந்தது. மையத்தின் வழங்கும் முறைக்குள் ஊடுருவல் நிகழ்ந்தது என்றும், நான்கு சான்றிதழ்கள் தவறாக வெளிவந்தன என்றும் கட்டுப்பாட்டு அலுவலகம் அறிவித்து, அந்த இடைநிலைச் சான்றிதழ்களைச் செல்லாதவை ஆக்கியது. கணக்கில் வராத வேறு சான்றிதழ்களும் உள்ளன என்றது கூகுள். இந்தியாவின் மூலச் சான்றிதழைத் தன் உலாவி ஏற்கும் எல்லையை, நம் நாட்டின் அரசு, கல்வித் தளங்கள் உள்ளிட்ட சில பெயர்களோடு அது சுருக்கிக்கொண்டது. ஃபயர்பாக்ஸ் உலாவியின் பட்டியலில் அந்த மூலச் சான்றிதழ் தொடக்கம் முதலே இல்லாததால் அதற்குப் பாதிப்பு நேரவில்லை. ஒரு நாட்டின் முத்திரைக்கு இது சிறுமையே. ஆனால் இழுக்கு நேர்ந்தது அயலார் சொன்னதால் அன்று. முத்திரைக் கோலைக் காக்கத் தவறியதால்.

இதற்கெல்லாம் மருந்தாக அமைந்தது பழைய வழிதான்: ஊரறியப் பொறித்து வைத்தல். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தனர். இன்று சான்றளிக்கும் அமைப்புகள் தாம் வழங்கும் சான்றிதழை, சேர்க்க மட்டும் இயலும், அழிக்க இயலாத பொதுப் பதிவேடுகளில் பதிகின்றன. 2018 ஏப்ரலுக்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ் அவ்வாறு பதிவாகியிருந்தால்தான் குரோம் ஏற்கும். தம் தளத்தின் பெயரில் எங்கேனும் வேறொருவர் சான்றிதழ் வாங்கியிருக்கிறாரா என்பதை மதுரையில் இருந்தபடியே ஒரு பள்ளி ஆசிரியர் தேடிப் பார்க்கலாம். இவ்வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

இந்தியாவுக்கென்று தனி உலாவி வேண்டும் என்ற எண்ணத்தில் மைய அரசு 2023இல் ஒரு போட்டியை அறிவித்தது. நாட்டின் மூலச் சான்றிதழை உலாவி தன்னுள் கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2025இல் முதலிடம் பெற்றது தமிழகத்தின் சோகோ நிறுவனக் குழு. அயல்நாட்டார் பட்டியலையே என்றும் சார்ந்திராமல் சொந்தக் காலில் நிற்க விழைவது தக்கதே. எனினும் உலாவியைப் போட்டி வைத்துப் பெறலாம். நம்பிக்கையை அவ்வாறு பெற முடியாது. தவறு நேர்ந்தால் அதை முதலில் சொல்பவராகவும், பதிவேட்டை எவரும் பார்க்க விடுபவராகவும் நம் சான்றளிப்போர் இருந்தால், அயல் உலாவிகளும் அம்முத்திரையை ஏற்கும் நாள் வரும்.

அதற்கு முன்னதாக, அருகில் செய்ய வேண்டியவை உள்ளன. தளப்பெயரும் சான்றிதழும் தனியொருவர் மின்னஞ்சலில் அன்றி நிறுவனத்தின் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். பொறுப்பு இருவரிடம் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் வேலையை ஆளிடம் விடாமல், ஆக்மி என்னும் நெறிமுறைப்படி இயங்கும் நிரலிடம் ஒப்படைக்க வேண்டும். அது கேட்பாரின்றித் தானே விண்ணப்பித்து, தானே நிறுவிக்கொள்ளும். அந்நிரல் உண்மையில் இயங்குகிறதா என்பதை மாதம் ஒருமுறை ஒருவர் பார்க்க வேண்டும். பள்ளியின் கணினிப் பிரிவு மாணவர்களிடமே இதனை ஒப்படைக்கலாம். ஒரு மணி நேர வேலைகூட இல்லை. பாடத்தில் படித்த குறியாக்கத்தைக் கண்ணால் கண்டதாகவும் ஆகும்.

தள்ளிப்போட இனி இடமும் இல்லை. உலாவி நிறுவனங்களும் சான்றளிப்போரும் கூடிய மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, சான்றிதழின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள். 2027 மார்ச் 15 முதல் 100 நாள். 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். நாள்காட்டியில் குறித்து வைத்துக் கையால் புதுப்பிக்கும் முறை அத்துடன் முடிந்துவிடும். மார்ச், இங்கே பொதுத்தேர்வு நடக்கும் மாதம். முடிவுகள் வெளியாவதும் விண்ணப்பங்கள் குவிவதும் அதனை அடுத்து வரும் மாதங்களில்.